குல்லாயும் குத்துவாளும்

'ஜூலியஸ் சீசர்' நாடகத்தைக் கல்லூரியில் பாடமாகப் படித்த எவரையும் கேட்டுப் பாருங்கள். அந்நாடகத்தின் தலைவன் சீசரா, புரூட்டசா என்ற கேள்விக்குப் பக்கம் பக்கமாக விடை எழுதிய கதையைச் சொல்வார். பெயர் சீசருக்கு, பெருமை புரூட்டசுக்கு என்று எழுதி முடித்தால் மதிப்பெண் உறுதி! மற்றவர்கள் பொறாமையால் கொன்றார்கள், புரூட்டஸ் ஒருவன்தான் பொதுநன்மை கருதிக் கொன்றான் என்று பகைவனான ஆண்டனியே இறுதிக் காட்சியில் சான்று வழங்குகிறான். பகைவன் வாயால் வந்த பாராட்டுக்கு மேல் வேறென்ன வேண்டும்? மாணவன் மனப்பாடம் செய்கிறான். ஆசிரியர் விளக்கி மகிழ்கிறார். ஆண்டு விழா மேடையிலே அந்த வேடம் பூண்டவன் மாலையும் கைதட்டலும் பெறுகிறான்.

அந்த நாடகத்தின் சுவையை நாம் மறுப்பவரல்லர். பிணத்தின் முன்னே நின்று ஆண்டனி பேசும் பேச்சைப் படித்து, மேடைப் பேச்சின் மாயம் எதுவென்று கற்றுக்கொண்டவர் பலர்; அவருள் நாமும் அடக்கம். ஆனால் கவிதை வழங்கும் நற்சான்று வேறு, கணக்கேடு வழங்கும் சான்று வேறு. புரூட்டசின் கணக்கேடு நமக்குக் கிடைத்திருக்கிறது. அதை எழுதி வைத்தவன் அவனுடைய பகைவன் அல்லன். அவனைப் போற்றிய நண்பன் சிசரோ.

ஷேக்ஸ்பியர் இந்த நாடகத்தை 1599ஆம் ஆண்டு வாக்கில் எழுதினார். கதையை அவர் எடுத்த இடம், கிரேக்கராகிய புளூடார்க் எழுதிய வாழ்க்கை வரலாறுகள். அவற்றைத் தாமஸ் நார்த் என்பவர் பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து ஆங்கிலமாக்கி 1579இல் வெளியிட்டிருந்தார். புளூடார்க்கோ புரூட்டஸ் இறந்து ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு கழித்து எழுதியவர். தத்துவத்தில் தோய்ந்தவர், தத்துவம் படித்த வீரன் என்றால் அவருக்குத் தனிப் பாசம். பார்சாலஸ் போருக்கு முதல்நாள், கொளுத்தும் வெயிலில், மற்றவர்கள் உறங்கியும் கலங்கியும் கிடக்க, புரூட்டஸ் மட்டும் பாசறையில் அமர்ந்து வரலாற்று நூலொன்றைச் சுருக்கி எழுதிக்கொண்டிருந்தான் என்று மெய்சிலிர்த்து எழுதுகிறார். அந்தப் பாசம் ஷேக்ஸ்பியர் வழியாக நம் வகுப்பறை வரை வந்து சேர்ந்துவிட்டது.

இன்னொரு வழியும் உண்டு. சிசரோ தன் நண்பன் அட்டிகசுக்கு எழுதிய கடிதங்கள் பல நூற்றாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. 1345இல் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், வெரோனா நகரத்து நூலகத்தில் அவற்றைக் கண்டெடுத்தார். மேடைப் பேச்சிலே மலைபோல் நிமிர்ந்து நின்ற சிசரோ, இக்கடிதங்களிலே தயங்குகிறான், தன்னைத்தானே மெச்சிக்கொள்கிறான், புலம்புகிறான். பெட்ரார்க் மனம் உடைந்து, இறந்துபோன சிசரோவுக்கே கண்டனக் கடிதம் எழுதினார் என்பது இலக்கிய உலகம் அறிந்த செய்தி. பிறர் படிப்பார்கள் என்று எண்ணாமல் எழுதிய எழுத்தாதலால் உண்மை அங்கே உறங்குகிறது. அந்தக் கடிதக் கட்டிலேதான் சைப்ரஸ் தீவின் சலாமிஸ் நகரத்துக் கதை இருக்கிறது.

சைப்ரஸ் தீவு கி.மு. 58இல் உரோமின் உடைமை ஆயிற்று. போரிட்டு வென்றதன்று; உரோமிலே ஒரு சட்டம் இயற்றி, இன்று முதல் உன் நாடு எம்முடையது என்று அறிவித்துவிட்டார்கள். அரசன் தாலமி நஞ்சுண்டு மாண்டான். அவன் அரண்மனைப் பொருள்களை ஏலம் போட்டுப் பணமாக்க அனுப்பப்பட்டவன் யார்? ஒழுக்கத்தின் உறைவிடம் என்று உரோம் கொண்டாடிய கேட்டோ. கொண்டு திரும்பிய வெள்ளி ஏறக்குறைய 7000 டாலண்டு. ஒரு டாலண்டு என்பது ஏறத்தாழ 26 கிலோ, பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். இந்தத் திருப்பணியில் கேட்டோவுக்குத் துணை நின்றவன் அவனுடைய சகோதரியின் மகன், இருபத்தேழு வயது இளைஞன் புரூட்டஸ். தீவோடு அவனுக்கு ஏற்பட்ட தொடர்பு இப்படித்தான் தொடங்கியது.

அரசன் போனான், ஆளுநர் வந்தார். ஆளுநர் வந்ததும் செலவு வந்தது. குளிர்காலத்தில் படையை எங்கள் ஊரில் தங்கவைக்க வேண்டாம் என்று கெஞ்சுவதற்கு மட்டும் சைப்ரஸ் மக்கள் முன்பெல்லாம் 200 டாலண்டு கொடுத்து வந்தனர் என்று சிசரோவே எழுதுகிறான். இப்படிக் கறக்கப்பட்ட சலாமிஸ் நகரத்தார் கி.மு. 56இல் உரோமுக்கு வந்து கடன் கேட்டார்கள். மாகாணத்தாருக்கு உரோமிலே கடன் கொடுக்கலாகாது என்று சட்டமே இருந்தது. சட்டம் இருந்தால் என்ன? செனட் சபையிலே புரூட்டசுக்குச் செல்வாக்கு இருந்தது. அந்த ஒரு கடனுக்கு மட்டும் சட்டத்திலிருந்து விலக்களித்துத் தீர்மானம் போட்டுக் கொடுத்தார்கள். வட்டி, ஆண்டுக்கு நூற்றுக்கு 48. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் 'நாலு வட்டி'. பத்திரத்திலே புரூட்டஸ் பெயர் இல்லை. ஸ்காப்டியஸ், மட்டினியஸ் என்ற இரு ஆட்களின் பெயர்தான்.

கடன்பட்டவர் கட்டமுடியாமல் திணறினார்கள். அப்போது ஆளுநராயிருந்த அப்பியஸ் கிளாடியஸ் புரூட்டசின் மாமனார். மாமனார், மருமகனின் ஆளான ஸ்காப்டியசுக்குப் படைத்தலைவன் பதவியும் குதிரைப்படையும் கொடுத்துத் தீவுக்கு அனுப்பினார். வட்டிக்கடைக் கணக்கப்பிள்ளை படைத்தலைவனானான்! நகரவை கூடியிருந்தபோது குதிரைவீரர்கள் மண்டபத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்குச் சோறில்லை. வளைத்தவர் கலைவதற்குள் நகரவை உறுப்பினர் ஐவர் பட்டினியால் மாண்டனர்.

ஈட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலிலே வந்து உட்கார்ந்து கடனை வசூலித்தவர்களை நம் பாட்டன்மார் அறிவர். 'ஈட்டிக்காரன்' என்ற சொல்லே அதனால் பிறந்தது. அவன் கூட ஒரு வீட்டு வாசலைத்தான் மறித்தான். உரோமாபுரி ஈட்டிக்காரன் ஒரு நகரத்தின் ஆட்சிமன்றத்தையே மறித்தான். அதுவும் அரசாங்கக் குதிரையில் ஏறிவந்து.

கி.மு. 51இல் சிசரோ ஆளுநனாக வந்தான். வந்தவுடன் குதிரைப்படையைத் தீவைவிட்டு வெளியேற்றினான், பாராட்டுவோம். ஆண்டுக்கு நூற்றுக்கு 12, வட்டிக்கு வட்டி ஆண்டுக்கொரு முறை, இதற்கு மேல் எவருக்கும் தீர்ப்பளியேன் என்று தன் ஆணையிலே முன்கூட்டியே அறிவித்திருந்தான். வழக்கு அவன்முன் வந்தது. ஸ்காப்டியஸ் சிசரோவைத் தனியே அழைத்துப்போய், அவர்கள் தரவேண்டியது 200 டாலண்டுக்குச் சற்றுக் குறையும், அதை 200 என்றே முடித்துவிடுங்கள் என்று காதோடு சொன்னான். நகரத்தாரைக் கேட்டால் 106 என்றார்கள். கணக்கை விரித்து வைத்து உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்கள். காசு பிசகாமல் 106 வந்தது. பணத்தை இப்போதே எண்ணி வைக்கிறோம் என்றனர் சலாமிஸ் மக்கள். முன்னைய ஆளுநர்களுக்கு நாங்கள் கொடுத்துவந்த கையூட்டை நீங்கள் வாங்காததால் மிச்சப்பட்ட பணம்தான் இது என்று சொல்லவும் செய்தார்கள். இந்த ஒரு வாக்கியம் போதும், மாகாணங்களை உரோம் ஆண்ட இலட்சணத்தைக் காட்ட!

ஸ்காப்டியஸ் வாங்க மறுத்தான். வாங்கினால் நாலு வட்டி ஒரு வட்டியாகிவிடுமே! வழக்கை அப்படியே விட்டுவையுங்கள் என்று கெஞ்சினான். சிசரோ விட்டுவைத்தான். அப்படியானால் பணத்தைக் கோயிலில் கட்டிவைக்கிறோம், வட்டி ஏறாமல் நிற்கட்டும் என்று வேண்டினர் நகரத்தார். அதற்கும் இணங்க மறுத்தான் அந்த நீதிமான். அடுத்து வருபவன் நாலு வட்டிக்கே தீர்ப்பளிக்கக்கூடும் என்பது தெரிந்தேதான் மறுத்தான்.

ஏன்? இதற்கிடையில் உண்மை வெளிப்பட்டுவிட்டது. கடன் கொடுத்தது ஸ்காப்டியஸ் அல்லன், நானேதான் என்று காட்டும் புரூட்டசின் கடிதம் அவன்முன் வைக்கப்பட்டது. உரோமிலிருந்து அட்டிகசும் பரிந்து பேசினான்: ஸ்காப்டியசுக்கு ஐம்பது குதிரைவீரர்களையாவது கொடுத்து உதவக்கூடாதா என்று! ஐம்பது குதிரை அந்த எளிய மக்களிடையே என்ன பாடு படுத்தும் என்று சிசரோ திருப்பிக் கேட்டு எழுதினான், படை கொடுக்கவில்லை. அந்த மட்டில் நல்லவன். ஆனால் ஐவரைக் கொன்றவனை விசாரணைக் கூண்டில் ஏற்றவும் இல்லை. புரூட்டஸ் எழுதும் கடிதங்கள், உதவி கேட்டு எழுதுவனவற்றிலும்கூட, செருக்கும் திமிரும் நிறைந்தவை என்று அட்டிகசிடம் மட்டும் குறைபட்டுக்கொண்டான். கப்பதோசியா நாட்டு அரசனிடமிருந்து புரூட்டசுக்கு வரவேண்டிய கடனில் 100 டாலண்டு அளவு வசூலாகத் தானே பாடுபட்டான். நான்கு ஆண்டு கழித்துச் சொற்பொழிவுக் கலையின் வரலாற்றை எழுதி, அந்நூலுக்குப் 'புரூட்டஸ்' என்றே பெயர் சூட்டினான்.

அக்கால வழக்கம் அது, இக்கால அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்பவர் உண்டு. அக்கால அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். அக்காலச் சட்டம் அக்கடனைத் தடுத்தது. அக்கால ஆளுநனின் ஆணை 12க்கு மேல் கூடாது என்றது. அதற்கும் இருபது ஆண்டுக்கு முன்பே ஆசிய மாகாணத்தில் லுக்குல்லஸ் என்ற தளபதி மாதம் நூற்றுக்கு ஒன்று என வட்டிக்கு வரம்பு கட்டி, கடன்பட்டவன் வருவாயில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் எவனும் தொடக்கூடாது என்றும் ஆணையிட்டிருந்தான். அதற்காக வட்டிக்காரக் கும்பல் உரோமிலே அவனுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தது. இதை எழுதியிருப்பவர் யார் தெரியுமா? புளூடார்க்! கடனுக்காக மக்களைப் பெற்றவர்களே விற்க நேர்ந்த கொடுமையை லுக்குல்லஸ் வரலாற்றில் உருக்கமாக எழுதுகிறார். கடன் வாங்காதீர் என்று தனிக் கட்டுரையே இயற்றியிருக்கிறார். அதே கை புரூட்டஸ் வரலாற்றை எழுதும்போது சலாமிசைப் பற்றி ஓர் எழுத்தும் எழுதவில்லை. வரலாறு எழுதுவோன் எதைச் சொன்னான் என்பதோடு எதை விட்டான் என்பதையும் பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு நமக்குத் தேவையில்லை.

இப்போது நாடகத்துக்குத் திரும்புவோம். நான்காம் அங்கத்தில் பாசறைக் கூடாரத்தில் புரூட்டசும் காசியசும் சண்டையிடும் காட்சி, நாடகத்தின் உயிர்நிலை என்று எல்லோரும் பாராட்டுவது. அதிலே புரூட்டஸ், காசியசைக் கைக்கூலி வாங்குபவன் என்று இடித்துரைக்கிறான். ஏழைக் குடியானவனின் உழைத்துக் காய்த்த கையிலிருந்து காசு பிடுங்க என்னால் ஆகாது என்கிறான். அடுத்த மூச்சிலே, நான் கேட்டனுப்பிய பொன்னை நீ ஏன் கொடுக்கவில்லை என்று சீறுகிறான்! காசியஸ் அந்தப் பொன்னை எப்படித் திரட்டுவான்? நெற்றி வியர்வை சிந்தி நிலத்தை உழுதா? பிடுங்குவது உன் வேலை, செலவிடுவது என் வேலை, தூய்மை மட்டும் என் உடைமை என்பதல்லவா இதன் பொருள்?

இங்கேதான் ஷேக்ஸ்பியரின் நுண்மையை நாம் வியக்கிறோம். புளூடார்க் நூலிலே இவை இரண்டு தனி நிகழ்ச்சிகள். ஸ்மிர்னாவில் புரூட்டஸ் பணம் கேட்கிறான், காசியஸ் மூன்றில் ஒரு பங்கு கொடுக்கிறான்; பிறகு, வேறொரு நாள், சார்டிசில் இருவரும் சண்டையிடுகிறார்கள். இரண்டையும் ஒரே காட்சியில் கொண்டுவந்து மோதவிட்டவர் ஷேக்ஸ்பியர். சலாமிஸ் கதை அந்த நாடகத்தில் எங்கும் இல்லை. ஆனால் அதன் நாற்றம் அந்தக் கூடாரத்துக்குள் வீசுகிறது. பொன்னும் அறமும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வரும்போது கவிஞர் கண்சிமிட்டுகிறார். நம் பாடநூல் உரைகளோ அதைப் 'புரூட்டசின் நேர்மை' என்ற தலைப்பில் குறிப்பெடுத்துக் கொடுக்கின்றன. குற்றம் கவிஞர்மேல் அன்று, உரைகாரர்மேல்.

அந்த நாள்களில் உண்மையில் நடந்ததென்ன? கி.மு. 43, 42 ஆண்டுகளில் விடுதலை வீரர்கள் இருவரும் கிழக்கு மாகாணங்களைச் சுரண்டிப் படை திரட்டினர். தார்சஸ் நகரத்துக்குக் காசியஸ் விதித்த தண்டம் 1500 டாலண்டு. நகரத்தார் பொதுச்சொத்தை விற்றனர்; கோயில் வெள்ளியை உருக்கினர்; அதுவும் போதாமல் சுதந்திரக் குடிகளாகப் பிறந்த சிறுவர் சிறுமியரையும், பெண்களையும் முதியவர்களையும் அடிமைகளாக விற்றனர். ஆசிய மக்கள் பத்தாண்டு வரியை ஒன்றாகக் கட்டவேண்டும் என்று ஆணை பிறந்தது. லைசியா நாட்டின் சாந்தஸ் நகரைப் புரூட்டஸ் முற்றுகையிட்டபோது மக்கள் தம் வீட்டுக்குத் தாமே தீவைத்துக் குடும்பத்தோடு மாண்டனர். உயிர் தப்பியவர் நூற்றைம்பது பேர்கூட இல்லை. புரூட்டஸ் அழுதான் என்கிறார் புளூடார்க். லைசியா மக்களிடமிருந்து அவன் 150 டாலண்டு மட்டுமே வாங்கினான் என்று அவனது கருணைக்குக் கணக்கும் காட்டுகிறார்!

இவன் தோற்ற பிறகு ஆண்டனி வந்தான். அவனும் அதே ஆசியாவிடம் பல ஆண்டு வரியை மீண்டும் கேட்டான். ஆண்டுக்கு இருமுறை வரி கேட்கும் நீ ஆண்டுக்கு இருமுறை அறுவடையும் வரவழைத்துத் தருவாயா என்று ஹைப்ரியாஸ் என்ற கிரேக்கப் பேச்சாளன் அவன் முகத்துக்கு நேரே கேட்டான். அவனைப் பற்றி யாராவது நாடகம் எழுதியிருக்கலாம்.

சீசரைக் கொன்றவர்கள் பேசிய 'விடுதலை' எப்படிப்பட்டது என்பதை அவர்களே வெள்ளியில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். புரூட்டஸ் வெளியிட்ட நாணயத்தின் ஒரு பக்கம் அவனுடைய தலை. உயிரோடிருக்கும் மனிதன் தன் தலையை நாணயத்தில் பொறிப்பது மன்னன் செய்யும் வேலை என்று சீசர்மேல் குற்றம் சாட்டிய கூட்டம் அது என்பதை நினைவில் வைப்போம். மறுபக்கத்தில் இரண்டு குத்துவாள்கள். நடுவே ஒரு குல்லாய். கீழே மார்ச் 15ஐக் குறிக்கும் எழுத்துகள். இதன் பொற்காசு ஒன்று 2020இல் இலண்டன் ஏலத்தில் 40 இலட்சம் டாலர் அளவில் விலைபோயிற்று. கடத்தப்பட்ட பொருள் எனத் தெரிந்து 2023இல் கிரீசுக்குத் திருப்பித் தரப்பட்டது. அது கிடக்கட்டும். அந்தக் குல்லாய் எது? அடிமையை ஆண்டான் விடுவிக்கும்போது அவன் தலையில் வைக்கும் கம்பளிக் குல்லாய். கொலை முடிந்த அன்று இதே குல்லாயை ஈட்டி முனையில் ஏந்தித்தான் தெருவில் வந்தார்கள்.

அடிமையின் குல்லாயை அடையாளமாக எடுத்தவர்கள் எத்தனை அடிமைகளை விடுவிக்க நினைத்தார்கள்? ஒருவரையும் இல்லை! ஸ்பார்டகஸ் எழுப்பிய கிளர்ச்சி அடங்கிய கி.மு. 71இல், காப்புவாவிலிருந்து உரோம் வரை சாலையோரம் 6000 பேர் சிலுவையில் தொங்கினார்கள். அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. எம் தலைமேல் இன்னொருவன் இருக்கலாகாது என்பதே அவர்களுடைய விடுதலை. எம் காலடியில் எவரும் இருக்கலாகாது என்பதன்று. கொலை நடந்து இரண்டு நாள் கழித்து, மார்ச் 17இல் செனட் கூடியது. கொன்றவர்களுக்கு மன்னிப்பு, செத்தவன் செய்த ஆணைகள் அத்தனையும் செல்லும் என்று தீர்மானம்! ஏன்? கொடுங்கோலன் கொடுத்த பதவிகளில்தான் கொன்றவர்கள் பலரும் அமர்ந்திருந்தார்கள். அவ்வாண்டு புரூட்டஸ் வகித்த நீதித்தலைவன் பதவியும் சீசர் தந்ததே. ஆண்டவனை ஒழித்து, அவன் தந்த வரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

நாடகத்தில் நம்மை உறுத்துவது வேறொன்று உண்டு. அதில் ஷேக்ஸ்பியரையும் நாம் விட்டுவிட இயலாது. பொதுமக்களை அவர் காட்டும் விதம். முதற் காட்சியில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவன் வருகிறான், நகைச்சுவைக்குப் பயன்படுகிறான். மக்களின் காவலர் என்று பெயர் பூண்ட அதிகாரிகளே அவனை வாயில் வந்தபடி ஏசி விரட்டுகிறார்கள். பிறகு மன்றத்திலே மக்கள் புரூட்டசுக்கு ஒரு கூச்சல், ஆண்டனிக்கு ஒரு கூச்சல் போடுகிறார்கள். பெயர் ஒற்றுமைக்காக ஒரு கவிஞனை அடித்துக் கொல்கிறார்கள். காற்றடிக்கும் பக்கம் சாயும் கும்பல் என்று விமரிசகர்கள் தீர்ப்பெழுதி விடுகிறார்கள்.

அந்த மக்களுக்கு நினைவாற்றல் இல்லையா? இருந்தது, கவிஞருக்குத்தான் அது தேவைப்படவில்லை. கி.மு. 133இல் நிலமற்றவனுக்கு நிலம் பிரித்துத் தரச் சட்டம் கொண்டுவந்தான் திபேரியஸ் கிராக்கஸ். அவனை நாற்காலிக் காலாலும் கல்லாலும் அடித்துக் கொன்றார்கள் செனட்டைச் சேர்ந்தவர்கள். கூட்டத்தை நடத்திச் சென்றவன் யார்? உரோமின் தலைமைப் பூசாரி நாசிகா! பலி கொடுக்கப் போகிறவனைப் போல மேலாடையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு போனான். முந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். உடல்கள் டைபர் ஆற்றில். பன்னிரண்டு ஆண்டு கழித்து அவன் தம்பி காயஸ். இம்முறை 3000 பேர். கொலைக்குத் தலைமை தாங்கிய கான்சல் அதன் நினைவாக 'ஒற்றுமை'த் தெய்வத்துக்குக் கோயில் எழுப்பினான். இரவோடிரவாக யாரோ ஒருவர் அக்கோயிலில் கேலி வரி ஒன்றைச் செதுக்கிவிட்டுப் போனார். செதுக்கியவரை நாம் வணங்குகிறோம்.

நிலச்சட்டத்தைத் தடுக்கத் தடி மட்டுமா? தெய்வமும் உதவிற்று. கி.மு. 59இல் சீசர் நிலச்சட்டம் கொணர்ந்தபோது உடனிருந்த கான்சல் பிபுலஸ் (புரூட்டஸ் பின்னர் மணந்த போர்சியாவின் முதற் கணவன்) வீட்டுக்குள் அடைந்துகொண்டு, நான் வானத்தில் சகுனம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சகுனம் பார்க்கும் நாளில் சட்டம் செல்லாது என்று நாள்தோறும் அறிவிப்பு அனுப்பிக்கொண்டிருந்தான். நாடகத்திலும் சகுனங்களுக்குப் பஞ்சமில்லை. பலியிட்ட விலங்குக்கு இதயமே இல்லை என்று பூசாரிகள் சொல்லியனுப்புகிறார்கள். சிசரோ இந்தக் கதையை எடுத்து, இதயமில்லாமல் அந்த மாடு அதுவரை எப்படி உயிரோடிருந்தது என்று கேட்டான். கி.மு. 44இல், சீசர் செத்த ஆண்டிலேயே, நிமித்தம் பொய் என்று நூலெழுதினான். எழுதியவனுடைய பதவியோ அரசாங்க நிமித்திகன்! பொய்யென்று அறிந்தும் நாட்டு நலனுக்காக அதைக் காத்துவர வேண்டும் என்றும் அவனே சொன்னான். நாட்டு நலன் என்றால் பிபுலஸ் பார்த்த வானம்தான்.

இந்தக் கதைகளையெல்லாம் தந்தையர் வாயால் கேட்டவர்கள்தாம் சீசரின் பிணத்தைச் சுற்றி அழுதவர்கள். கடனில் ஏறத்தாழ கால் பங்கு குறைந்ததையும், 80,000 பேர் குடியேற்றங்களில் நிலம் பெற்றதையும், உயிலில் ஆளுக்கு 300 செஸ்டர்ஸ் எழுதியிருந்ததையும் எண்ணி அழுதார்கள். அது அறியாமையா? குத்துவாள் பிடித்த கைகளில் பத்திரங்கள் இருந்தன என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

சீசருக்கு நாம் கொடி பிடிப்பதாக யாரும் கருதவேண்டாம். இலவசத் தானியம் பெற்றவர் எண்ணிக்கையை 320,000இலிருந்து 150,000ஆகக் குறைத்தவன் அவன். அவன் எழுதிய கால் நாட்டுப் போர்க் குறிப்புகளைத் தெளிந்த நடைக்கு இலக்கணம் என்று இலத்தீன் ஆசிரியர்கள் புகழ்வர். தன்னைத்தானே 'சீசர்' என்று படர்க்கையில் வைத்துப் பேசும் நடை அது. அதிலே, அட்டுவடுக்கர் என்ற இனத்தாரை ஒரே ஏலத்தில் விற்றான். வாங்கியவர்கள் சொன்ன தலைக்கணக்கு 53,000. ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறான். அலறல் இல்லை, அழுகை இல்லை, எண்ணிக்கை மட்டும் உண்டு. அந்தத் தெளிவைப் படிக்கும்போது நமக்கு நடுக்கம் வருகிறது. ஏகபோக ஆட்சிக்கு அவன் விரித்த பாதை வேறு. ஆனால் அவன் கொடியவன் என்பதால் அவனைக் கொன்றவன் உத்தமன் ஆகிவிடுவானா?

புரூட்டஸ் வழிபாடு வெறும் பள்ளிப்பாடமாகவே நின்றிருந்தால் இத்தனை எழுத வேண்டியதில்லை. 1864 நவம்பர் 25இல் நியூயார்க் நகரில் 'ஜூலியஸ் சீசர்' அரங்கேறியது. நடித்தவர்கள் சகோதரர் மூவர். ஆண்டனியாக வந்தவன் ஜான் வில்க்ஸ் பூத். அவன் தந்தையின் பெயரே ஜூனியஸ் புரூட்டஸ் பூத். ஐந்து மாதம் கழித்து, 1865 ஏப்ரல் 14இல், அடிமைகளின் விடுதலையை அறிவித்த ஆபிரகாம் லிங்கனை நாடகக் கொட்டகையில் சுட்டவன் அவனே. காட்டில் ஒளிந்து திரிந்தபோது நாட்குறிப்பில் எழுதினான்: புரூட்டசைப் போற்றிய அதே செயலுக்காக என்னை நாய்போல் வேட்டையாடுகிறார்களே என்று! லிங்கன் சீசராம்; அடிமை முறைக்குப் பரிந்தவன் புரூட்டசாம். பைத்தியக்காரன் உளறல் என்று தள்ளிவிடலாம். ஆனால் சலாமிசை அறிந்தவர், பூத் தன் தலைவனைத் தவறாகப் புரிந்துகொண்டான் என்று அவ்வளவு எளிதில் சொல்லமாட்டார்.

நாடகத்தைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்குங்கள் என்று நாம் கேட்கவில்லை. நான்காம் அங்கத்தை நடத்தும் அன்று, அட்டிகசுக்குச் சிசரோ எழுதிய ஐந்தாம், ஆறாம் தொகுதிக் கடிதங்களில் நான்கு பக்கத்தைத் தமிழில் பெயர்த்து மாணவர் கையில் கொடுங்கள் என்கிறோம். இருபது நிமிடம் போதும். அக்கடிதங்களிலே வட்டி வாங்க வந்தவனின் பெயர் இருக்கிறது. அவனுக்குக் குதிரை கொடுத்தவனின் பெயர் இருக்கிறது. பரிந்து பேசியவனின் பெயர் இருக்கிறது. நகரவையில் பட்டினியால் செத்த ஐவரின் பெயர்களைச் சிசரோ எழுதவில்லை.